‘உயர்த்தும்’, ‘உயர்த்தக்கூடும்’

சென்ற திங்கள் எம் பழைய மாணவன் ஒருவன் இல்லம் வந்திருந்தான். இப்போது கிள்ளானில் இடைநிலைப்பள்ளியில் பயில்பவன். சட்டைப்பையில் மின்சிகரெட் இருக்கக் கண்டு கடிந்தேன். “ஐயா, புகை பிடிக்காத விமானிகளுக்கே நிக்கோட்டின் திறனை உயர்த்தும் என்று ஆராய்ச்சி சொல்கிறதே!” என்றான். அவன் கூற்றில் உண்மை உண்டு; முழுமை இல்லை. அவ்வாய்வைத் தூற்றுதல் நம் கடனன்று. பிழையறப் படித்தலே கடன்.

1998-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர் சிலர் வெளியிட்ட ஆய்வு அது. புகை பிடிக்காத விமானிகள் 15 பேர் அதில் கலந்துகொண்டனர். ஒரு நாள் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சேர்ந்த சூயிங்கம்மையும், மற்றொரு நாள் மருந்தில்லாத சூயிங்கம்மையும் மென்று, தரையிலுள்ள பயிற்சிப் பொறியில் விமானம் ஓட்டினர். நிக்கோட்டின் மென்ற நாளில் மதிப்பெண் உயர்ந்தது. இடையறாக் கவனம் வேண்டும் இறங்குகட்டத்தில் அவ்வுயர்வு தெளிவாகத் தெரிந்தது.

புகை பிடிக்காதவரைத் தேர்ந்தது ஏன்? தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு விடை எளிது. விடியற்காலைப் பிரட்டுக்குச் செல்லுமுன் புகையிலை அதக்கிய நம் பாட்டன்மார், “அது இல்லாவிட்டால் கை ஓடாது” என்பர். பழகியவனுக்கு அது கிட்டாதபோது கவனம் சிதறும், கிட்டியதும் மீளும். இழந்ததை மீட்பது வேறு, இல்லாததைத் தருவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து ஆய்வை அமைத்தமை பாராட்டற்குரியது.

ஆயினும் அதன் எல்லை சிறிது. ஆய்வுக்கு உட்பட்டோர் 15 பேரே. அவரும் பயிற்சி பெற்ற விமானிகள், பள்ளிச் சிறுவர் அல்லர். அளந்து தந்த மருந்தின் பயனே ஆராயப்பட்டது. நாள்தோறும் இழுக்கும் புகையன்று. பழக்கமான பின் என்னாகும் என்பதும் அதன் பொருளன்று. ஆதலின் ஆய்வாளர் முடிபு ‘உயர்த்தக்கூடும்’ என்னும் அளவிலேயே நின்றது. மாணவன் அதனை ‘உயர்த்தும்’ என்றாக்கினான். முன்னது வாய்ப்பைச் சொல்வது. பின்னது துணிவைச் சொல்வது. ஒரு துணைவினை உதிர்ந்தது, பொருளே புரண்டது.

இது வெறும் இலக்கண வழக்கன்று. மூளை இருபத்தைந்து வயதையொட்டியே முழு வளர்ச்சி எய்துகிறது. வளரும் மூளையில் நிக்கோட்டின் கவனத்தையும் கற்றலையும் கெடுக்கும். அடிமைத்தனமும் விரைந்து பற்றும். இந்நாட்டில் 2023 ஏப்ரலில் திரவ நிக்கோட்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. 18 வயது நிரம்பாதோர்க்கு மின்சிகரெட் விற்பதைத் தடுக்கும் சட்டம் 2024 அக்டோபர் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டுத் திங்களில் அது எத்தனை இளங்கைகளை எட்டியதோ!

மாணவனிடம் அம்முடிபைத் தமிழில் எழுதச் சொன்னேன். ‘உயர்த்தும்’ என்றே எழுதினான். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என மூன்று வினாக்களைக் கேட்டேன். சற்றே எண்ணித் தானே திருத்தினான். தமிழாசிரியர்காள், வகுப்பில் இம்மூன்று வினாக்களையும் பழக்குவோம். வினைமுற்றைச் சரியாகப் படிக்கக் கற்ற பிள்ளையை விற்பனையாளன் எளிதில் ஏமாற்ற இயலாது.