அண்ணன் எடுத்த கடன்

கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனின் 'ஆன் அன்கொயட் மைண்ட்' (1995) நூலை முதல்முறை படித்தபோது பல இடங்களில் சிரித்தேன். மேனியா உச்சத்தில் இருந்தபோது அவர் வாங்கிக் குவித்தவற்றின் பட்டியல் அப்படி. பாம்புக்கடி முதலுதவிப் பெட்டிகள் 12. விலையுயர்ந்த கற்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று கைக்கடிகாரங்கள். பென்குவின்கள் கூட்டமாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று 20 பென்குவின் புத்தகங்கள்.

இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. அதற்குள் என் தம்பிக்கு பைபோலார் என்று தெரிந்திருந்தது. அவனுடைய கிரெடிட் கார்டு பில்களை எக்செல்லில் ஏற்றும் வேலை என்னிடம் வந்திருந்தது. "ஒரே மாசத்துல மூணு லோனாடா?" என்றேன். "அப்ப எல்லாமே சரியாத்தாண்ணே தெரிஞ்சுது" என்றான்.

ஜேமிசனுக்கும் ஓர் அண்ணன் உண்டு. ஹார்வர்டில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, உலக வங்கியில் வேலை பார்த்தவர். தங்கையின் ரசீதுகளைப் பிரித்து அடுக்குகிறார். அங்கிருந்த கடன் சங்கத்தில் தன் பெயரில் கடன் எடுத்து அவர் கடனை அடைக்கிறார். பணத்தைப் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும், அன்பைத் திருப்பிக் கொடுக்கவே முடியாது என்றும் ஜேமிசன் எழுதுகிறார். நூலின் மிக நெகிழ்வான இடம் இது. என் மனத்தாங்கலும் இங்கேதான்.

அன்பு என்ற சொல் வந்ததும் கணக்கு மூடப்பட்டுவிடுகிறது. அந்தக் கடனுக்காக அண்ணன் எதைத் தள்ளிப்போட்டார் என்று நூல் கேட்பதில்லை. லித்தியத்தை நிறுத்தி நிறுத்தித் தான் பட்ட பாட்டை ஜேமிசன் ஒளிக்காமல் சொல்கிறார். நோய் ஆயுள் முழுக்க உடன் வரும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு. அப்படியிருக்க, பணம் மட்டும் எப்படி ஒரே அத்தியாயத்தில் முடிந்துபோகும்?

லித்தியம் விலை மலிவான மருந்துதான். ரத்தத்தில் அதன் அளவு, தைராய்டு, சிறுநீரகம் என்று பரிசோதனைகள் கூடவே வரும். அதைவிடப் பெரிய செலவு எந்த ரசீதிலும் இருக்காது. மேனியாவில் ராத்திரி இரண்டு மணிக்கு அனுப்பிய ராஜினாமா, படுக்கையை விட்டு எழாத மாதங்கள், "இந்த ஒரு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று நேர்காணலில் வரும் கேள்வி, கூட இருந்தவர் எடுத்த சம்பளமில்லா விடுப்பு. நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் மருத்துவக் காப்பீடு சிகிச்சைச் செலவைத்தான் தரும். வராமல் போன சம்பளத்தைத் தராது.

ஜேமிசனுக்குப் பல்கலைக்கழக வேலை நிலைத்தது. கைகொடுக்க வசதியுள்ள அண்ணன் இருந்தார். இவை இரண்டும் இல்லாதவர்களின் கதை புத்தகமாக வெளிவருவதே அரிது.

போன மாதம் புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்தேன். பாம்புக்கடிப் பெட்டியில் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் வரும் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "நீ எங்கண்ணே லோன் எடுத்த?" என்று கேட்டான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு, மேல படி" என்றேன். ஜேமிசனின் அண்ணனும் இப்படித்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ.