கூண்டில் கிடந்த பௌஷான்

செருமானிய எழுத்தாளர் தாமஸ் மன் என்றவுடன் 1901இல் வெளிவந்த ‘புடன்புரூக்ஸ்’, 1924இல் வெளிவந்த ‘மாயமலை’ ஆகிய பெரும் புதினங்களே நம் நினைவுக்கு வரும். 1929இல் நோபல் பரிசு பெற்ற அவர், தம் வளர்ப்பு நாயைக் குறித்து 1919இல் வெளியிட்ட ‘எசமானும் நாயும்’ என்னும் சிறுநூலை அறிந்தோர் நம்மிடையே குறைவு. நோயுற்ற நாயை வீட்டில் வைத்துப் பேணுகிற எவரும் அதன் மருத்துவமனைப் பகுதியை ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும்.

மியூனிக் நகரில், ஈசர் ஆற்றின் கரையோரம் எழுத்தாளரின் இல்லம். அவர் வெளியே வரும் வேளைக்காகவே உயிர் வாழ்வதுபோல் காத்திருக்கும் வேட்டை நாய் பௌஷான். இருவரும் நாள்தோறும் உலாவும் இன்பமே நூலின் பெரும்பகுதி. இதற்கிடையே ஒருநாள் நாய்க்குக் குருதி கசியத் தொடங்குகிறது. காரணம் விளங்கவில்லை. மருத்துவமனையில் சேர்க்கிறார். அங்கே கூண்டில் கிடந்து பௌஷான் நாளுக்கு நாள் மெலிகிறது. முடிவில் எலும்பும் தோலுமான அதை மீட்டு வீட்டுக்கு அழைத்து வருகிறார்.

நிகழ்ச்சி இவ்வளவே. ஆயினும் நாய் இல்லாத நாள்களில் அவர் தம்மைத் தாமே விசாரிக்கும் இடம்தான் நூலின் உயிர்நிலை என்போம். ஆன்ம சோதனை செய்பவரைப் போலக் கேட்கிறார்: நாயை மருத்துவரிடம் ஒப்படைத்ததில் அக்கறை மட்டுமா இருந்தது? எந்நேரமும் தம்மையே எதிர்நோக்கும் அந்தக் கண்களிலிருந்து சில நாள் விடுபடும் ஆசையும் அதில் கலந்திருந்ததோ? விடுதலை கிடைக்கிறது; சுவைக்கவில்லை. நடப்பதே நின்றுபோகிறது. கூண்டிலுள்ள பௌஷானின் நிலைக்கே தாமும் வந்துகொண்டிருப்பதை உணர்கிறார்.

நாய் என்றால் நன்றி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். நாலடியார்கூட, வேல் பாய்ந்த உடலோடு எய்தவனைக் கண்டு வாலாட்டும் நாயைக் காட்டி நட்பின் பெருமையைப் பேசுகிறது. அந்த நாயின் மனத்தை நாம் போற்றிவிட்டோம். வேல் எறிந்தவன் மனத்துக்குள் யாரும் புகுந்து பார்க்கவில்லை. மன் புகுந்து பார்க்கிறார்.

பௌஷானுக்கு அறுவை மருத்துவம் நடக்கவில்லை. இன்று மண்ணீரலில் கட்டி என்றால் ஸ்கேன் எடுத்து, வயிற்றைத் திறந்து, மண்ணீரலையே அகற்றிவிடுகிறார்கள். பின்கால் மூட்டின் தசைநார் அறுந்தால் அதையும் சீர் செய்கிறார்கள். சில மாதங்களில் மறு காலிலும் அறுவது உண்டு. மீண்டும் பட்டினி, மீண்டும் மயக்க மருந்து, தையலை நக்காதிருக்கக் கழுத்தைச் சுற்றி மீண்டும் அந்தக் குடை. ஒப்புதல் தாளில் கையெழுத்திடுபவர் எசமானர். கத்திக்குக் கிடப்பது ஒன்றும் அறியாத நாய். இரண்டாம், மூன்றாம் முறை கையெழுத்திடும்போது, இது அதன் நலத்துக்கா, அதை இழக்க நமக்குத் துணிவில்லாமையாலா என்ற ஐயம் எழும். இனி வேண்டாம் என்று சொல்லத் தோன்றினாலோ, அது இரக்கமா, சலிப்பா என்ற ஐயம். பிறர் கேலி செய்வர் என்று வாய்திறவாது நாம் சுமக்கும் இந்தச் சலிப்பை மன் மறைக்கவில்லை. அதற்காகத் தம்மைத் தண்டித்துக்கொள்ளவும் இல்லை. அன்பின் பக்கத்திலேயே அதையும் அமர வைத்திருக்கிறார்.

நமக்கு ஒரு குறை உண்டு. ஐந்து பகுதிகள் கொண்ட நூலில் இது மூன்றாவது பகுதி. இது முடிந்ததும் ஆசிரியர் ஆற்றங்கரை நிலக்காட்சிக்கும் வேட்டைக்கும் போய்விடுகிறார். நோய் திரும்பி வருவதில்லை. அந்த நடையழகில் நாமும் மயங்குகிறோம் என்பது உண்மையே. ஆனால், ஒருமுறை குருதி கண்ட வீட்டில், நாய் சற்று அதிகம் உறங்கினாலும் எழுந்து சென்று அதன் ஈறு வெளுத்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கை நூலின் கடைசி இரு பகுதிகளில் இல்லை.