சியா: பிறருக்கு எழுதிய பாடல்கள்

சியா (பிறப்பு: 1975, அடிலெய்டு) ஆஸ்திரேலியப் பாடகி, பாடலாசிரியர். தொடக்கத்தில் ஸீரோ 7 என்னும் பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடல்களைப் பாடினார். பின்னர் பிற பாடகர்களுக்கும் எழுதத் தொடங்கினார். ரிஹானா பாடிய 'டயமண்ட்ஸ்' (2012) அவற்றுள் புகழ்பெற்றது.

'டைட்டேனியம்' (2011) பாடலில் நாம் கேட்பது, வேறொருவர் பாடுவதற்கு மாதிரியாக அவர் பதிவுசெய்து கொடுத்த குரல். டேவிட் குவெட்டா அதையே வைத்துக்கொண்டார். நல்ல முடிவு. உச்ச சுரங்களில் அக்குரல் சற்றுப் பிசிறடிக்கிறது. பிசகாத கணினித் தாளத்தின் மேல் அந்தப் பிசிறுதான் பாடலின் உயிர். தேர்ந்த பாடகி ஒருவர் அதைச் சரிசெய்து கெடுத்திருப்பார்.

பிறருக்கென எழுதி அவர்கள் ஏற்காத பாடல்களே 'திஸ் இஸ் ஆக்டிங்' (2016) தொகுப்பில் பெரும்பாலும் உள்ளன. 'இது நடிப்பு' என்று தலைப்பே ஒப்புக்கொள்கிறது. அடேலுடன் சேர்ந்து எழுதிய 'அலைவ்' பாடலில் அடேலின் சாயல் அப்படியே தெரிகிறது. 'சீப் திரில்ஸ்' ஷான் பால் இணைந்த வடிவில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. ஆனால் அவர் பகுதி ஒட்டுப்போட்டதுபோல் நிற்கிறது. அவரில்லாத வடிவமே கட்டுக்கோப்பானது.

'ஷாண்டிலியர்' (2014) பாடலையும் அவர் பிறருக்கென எண்ணித்தான் எழுதத் தொடங்கினார், பிறகு விட்டுக்கொடுக்கவில்லை. கொண்டாட்டப் பாடல்போல் ஒலிக்கும் அதன் அடியில் குடியடிமையின் அச்சம் இருக்கிறது. அதை வேறெவர் பாடியிருந்தாலும் வெறும் கொண்டாட்டமே மிஞ்சியிருக்கும்.