காலை 7 மணிக்குக் கடற்காற்று வராது

கோடை விடுமுறை வந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சின்னச் சின்ன ஓட்டங்கள் முளைத்துவிடும். கூட்டம் சில நூறு பேரைத் தாண்டாது. 5 கி.மீ., 10 கி.மீ. ஓட்டங்களோடு ஒரு ஹாஃப் மாரத்தானும் இருக்கும். ஜனவரியில் சென்னை மாரத்தானில் ஓடி நல்ல டைமிங் பார்த்தவர்கள், அதை இங்கே உடைத்துவிடலாம் என்று பெயர் கொடுப்பார்கள். மே மாதத்தில் எப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான்: "கடலோரம்தானே சார், காத்து அடிக்கும்."

அடிக்காது. கடற்காற்று வீச வேண்டுமானால் கடலைவிட நிலம் நன்றாகச் சூடேற வேண்டும். நிலத்தின் மேலுள்ள சூடான காற்று எழும்பி, அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கமிருந்து காற்று உள்ளே வரும். சென்னைக் கரையில் இது நடக்கப் பெரும்பாலும் உச்சிவேளை ஆகிவிடும். விடியற்காலையில் நிலம் கடலைவிடக் குளிர்ந்திருப்பதால், காற்று இருந்தாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கித்தான் போகும். ஒப்பு ஈரப்பதம் நாளிலேயே உச்சத்தில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். ஆக, கடலோரத்தின் புழுக்கம் முழுவதும் ஓடுபவருக்கு. குளிர்ச்சி மட்டும் மதியம் வீட்டில் படுத்திருப்பவருக்கு.

வெயிலே இல்லாமல் 28 பேர்

வெயில்தான் எதிரி, இருட்டில் ஓடினால் தப்பிக்கலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. அதற்குப் பதில் 2019-ல் தோஹாவில் கிடைத்தது. உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தானை அங்குள்ள கார்னிஷ் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் நடத்தினார்கள். தலைக்கு மேல் சூரியன் இல்லை, பக்கத்தில் கடல். வெப்பம் 32 டிகிரியை ஒட்டியும் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலும் இருந்தது. புறப்பட்டவர்கள் 68 பேர், முடித்தவர்கள் 40 பேர். உலகின் தேர்ந்த ஓட்டக்காரிகளில் 28 பேர் பாதியில் நின்றார்கள்.

வென்ற கென்யாவின் ரூத் செப்ங்கெடிச்சுக்கு 2 மணி 32 நிமிடம் 43 நொடி பிடித்தது. அதே ஆண்டு ஜனவரியில், அதே வளைகுடாக் கரையிலுள்ள துபாயில் அவர் ஓடியது 2:17:08. பதக்கத்துக்கான ஓட்டத்தில் யாரும் நேரத்தைத் துரத்துவதில்லை என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், கால் மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஊக்கமருந்து வழக்கில் 2025-ல் அவருக்குத் தடை விழுந்தது வேறு கதை. 2019-ன் இந்த இரண்டு நேரங்களையும் அது தொடவில்லை. தோஹாவைப் பார்த்துப் பயந்துதான் டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை வடக்கே சப்போரோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடலோரத்தில் வேகமாக ஓட முடியாது என்றும் இல்லை. ஹாஃப் மாரத்தானின் உலக சாதனைகள் சில கடலோர வலென்சியாவிலேயே பிறந்தவை. எத்தியோப்பியாவின் லெடெசென்பெட் கிடே 62 நிமிடம் 52 நொடியில் ஓடியது அங்கேதான், 2021-ல். யோமிஃப் கெஜெல்சா 57:30-ல் முடித்ததும் அங்கேதான், 2024-ல். இரண்டுமே அக்டோபர் மாதத்து ஓட்டங்கள். நம் ஊர் அவினாஷ் சாப்ளே 60:30-ல் தேசிய சாதனை படைத்தது டெல்லியின் நவம்பரில். சாதனைக்குக் கடல் வேண்டுமானால் இருக்கலாம். கோடை இருக்கக் கூடாது.

காயாத வியர்வை

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ எடை ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ ஆள் 21.1 கி.மீ. ஓடினால் சுமார் 1,270 கிலோகலோரி. அதில் முக்கால் பங்கு வெறும் வெப்பமாகவே உடம்பில் தங்கும், ஏறக்குறைய 950. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோகலோரி வெளியேறும். அப்படியானால் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் வியர்த்து, அத்தனையும் ஆவியானால் போதும்.

அந்த 'அத்தனையும்' என்பதில்தான் கரையோர ஓட்டம் சிக்குகிறது. அடைமழைக் காலத்தில் கொடியில் போட்ட வேட்டி மாதிரி, புழுக்கத்தில் உடம்பு காய்வதே இல்லை. வியர்வை முழங்கையில் சொட்டும், காலுறைக்குள் இறங்கும், பத்தாவது கிலோமீட்டரில் ஷூ சளக் சளக் என்று சத்தம் போடும். சொட்டிய வியர்வை குளிர்ச்சி தராது. உடம்பிலிருந்த நீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போவதுதான் மிச்சம். வெப்பம் இறங்காததால் உடம்பு இன்னும் வியர்க்கும். ரத்தத்தில் நீர் குறைய, இதயம் அதே வேகத்துக்கு இன்னும் வேகமாகத் துடிக்கும்.

இதனால்தான் விளையாட்டு மருத்துவர்கள் வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்க்கும் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற குறியீட்டில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம் மதிப்பு. வெயிலை அளக்கும் கறுப்புக் கோளத்துக்கு 20. சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. காலை 5 மணிக்கு 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஈர வெப்பமானி 26-ஐக் காட்டும். குறியீடு 26-க்கும் 27-க்கும் நடுவில் நிற்கும். 7 மணிக்கு வெப்பம் 30 ஆகி, கறுப்புக் கோளம் 40-ஐத் தொட்டால் குறியீடு 29-ஐத் தாண்டிவிடும். 28-ஐத் தாண்டினாலே நெடுந்தூர ஓட்டத்தை நிறுத்திவிடலாம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் அறிவுரை. வெக்கைக்குப் பழகிய நம் உடம்புக்குக் கொஞ்சம் சலுகை உண்டுதான். ஆனால் அந்தப் பழக்கம் வர 10 முதல் 14 நாள் வெளியில் ஓடியிருக்க வேண்டும். ஏ.சி. ஜிம்மில் டிரெட்மில் ஓடிவிட்டு, சென்னைக்காரன் என்று சொல்லிக்கொண்டால் உடம்பு ஒத்துக்கொள்ளாது.

யூ டர்னுக்குப் பிறகுதான் ஓட்டம்

இந்த ஓட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒரே வடிவம்தான். சாலையில் தெற்கே பாதி தூரம், அங்கே ஒரு ஆரஞ்சு கூம்பைச் சுற்றித் திரும்பி வடக்கே மீதி. கூம்பருகே நிற்கும் தன்னார்வலர், திரும்பியதற்கு அடையாளமாகக் கையில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுவார். அதுவரை எல்லோரும் நன்றாகத்தான் ஓடுவார்கள்.

அதன் பிறகு மூன்று விஷயங்கள் ஒன்றாக மாறுகின்றன. போகும்போது இல்லாத வெயில் இப்போது வலது கன்னத்தில் விழும். தெற்கிலிருந்து லேசாகக் காற்று இருந்த நாள் என்றால், முகத்தில் பட்ட காற்று முதுகுக்குப் போய்விடும். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் மணிக்கு 10 கி.மீ. வேகம், பின்னாலிருந்து வரும் காற்றும் அதே வேகமென்றால் ஓடுபவரின் தோலில் படுவது சூன்யம். பின்காற்று தள்ளிவிடும் என்று சந்தோஷப்படுகிறவர், தன்னுடைய ஒரே விசிறி அணைந்ததைக் கவனிக்க மாட்டார். மூன்றாவது, தனிமை. பெரிய ஓட்டத்தில் சீரான வேகத்தில் முன்னே ஓடி வழிகாட்டும் பேசர் இருப்பார், முன்னால் பத்து முதுகாவது தெரியும். இங்கே 14-வது கிலோமீட்டரில் வேலிக்கு அந்தப் பக்கம் கருவாடு காயும் வாசனையும், பக்கத்தில் உரசிப்போகும் பஸ்ஸும்தான் துணை. சாலையோரம் மணல் ஏறி, ஒரு பக்கம் சரிந்திருப்பதால் ஒரு முழங்காலுக்குக் கூடுதல் அடி வேறு.

ஜனவரியில் 2 மணி நேரத்தில், அதாவது கிலோமீட்டருக்கு 5:41-ல், முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மே மாதத்திலும் 5:40-ல் ஆரம்பித்து 12 கி.மீ. வரை தாக்குப்பிடித்து, பிறகு நடையும் ஓட்டமுமாக 7:30-க்கு இறங்கினால் மொத்தம் 2 மணி 16 நிமிடம். அதே ஆள் முதல் கிலோமீட்டரிலிருந்தே கௌரவத்தை விட்டு 6:10-ல் ஓடினால் 2 மணி 10 நிமிடம். கால் நிமிடம், அரை நிமிடம் என்று முதலிலேயே விட்டுக்கொடுத்தவர் கடைசியில் ஆறு நிமிடம் முந்துகிறார். அவர் முடித்த பிறகு நிற்கவும் பேசவும் முடியும் என்பதும் சின்ன விஷயமில்லை.

ஆகவே கோடை ஹாஃபை எடைபோட மொத்த நேரம் உதவாது. முதல் பத்துக்கும் கடைசிப் பத்துக்கும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று பாருங்கள். இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் இருந்தால், கைக்கடிகாரம் என்ன காட்டினாலும் அது நல்ல ஓட்டம். 'பெர்சனல் பெஸ்ட்' டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் குறைந்தாலும் கூடினாலும்

தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று எல்லோரும் சொல்வதில் பாதி உண்மைதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. முக்கியக் காரணம், ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்தது. மெதுவாக ஓடி, மேஜைக்கு மேஜை நின்று இரண்டு கப் குடிப்பவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். தாகத்துக்குக் குடித்தால் போதும். இன்னொரு கப்பைத் தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

முடித்தவுடன் எல்லோரும் இளநீர் கடைக்கு ஓடுவார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் போனது பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட மோரோ, ஓ.ஆர்.எஸ். கரைசலோ அந்தக் கணக்கை நேர்செய்யும். வலி வரக் கூடாது என்று முன்கூட்டியே ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓடுவது, நீர் வற்றிய சிறுநீரகத்தைக் கெடுக்கிற வேலை.

நடத்துகிறவர்களுக்கு

சின்ன ஓட்டத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு: நேரத்தை மாற்றுவது சுலபம். மே மாதத்தில் 5.45 வாக்கில் சூரியன் வந்துவிடும். 5.30-க்குக் கொடியசைத்தால் இரண்டேகால் மணி நேரம் ஓடுகிறவர் 7.45 வரை வெயிலில். 4 மணிக்கு அசைத்தால் 6.15-க்குள் வந்துவிடுவார். இருட்டில் சாலைக்கு விளக்கும் கூடுதல் ஆளும் வேண்டும், செலவுதான். முடியாதென்றால் தூரத்தைக் குறைக்கலாம்.

முதலாவதாக வருகிறவர் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார். ஆபத்து மூன்று மணி நேரத்தை ஒட்டி வருகிறவருக்கு. அவர் வரும்போது தன்னார்வலர்கள் மேஜையை மடித்துக்கொண்டிருப்பார்கள். ஆட்களையும் ஆம்புலன்ஸையும் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

உயிர்காக்கும் பொருள் ஒன்று இருக்கிறது: ஐஸ். அமெரிக்காவின் கேப் காட் கரையில் 1973 முதல் நடக்கும் ஃபால்மத் ஓட்டம், ஆகஸ்ட் மாதத்தில் 7 மைல். 1978-ல் அங்கே ஓடிச் சரிந்த ஆல்பர்டோ சலசாரின் உடல் வெப்பம் 42 டிகிரியை ஒட்டி ஏறி, பாதிரியார் கடைசிப் பிரார்த்தனையே சொல்லிவிட்டார். ஐஸில் போட்டுப் பிழைக்கவைத்தார்கள். இரண்டே ஆண்டில் அவர் நியூயார்க் மாரத்தானை வென்றார். பின்னாளில் அந்த ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்தது. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கியதில் அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஓடியவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் உடனே கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும். குளிரவைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்க வேண்டும் என்பது விதி. ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் அது தாண்டிவிடும்.

நம் கரையில் இதற்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில் படகு கரைக்கு வரும் இடமெல்லாம் மீனுக்கு ஐஸ் பார் உடைத்துக்கொண்டிருப்பார்கள். முடிக்கும் இடத்தில் ஆள் இறங்குகிற மாதிரி இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, நாலு பார் ஐஸ், தொட்டியைக் கலக்கிவிட இரண்டு பேர். இதற்கு ஆகிற செலவு டி-ஷர்ட்டில் ஸ்பான்சர் பெயர் அச்சடிக்கிற செலவுக்குக் கிட்டே வராது.

போஸ்டரில் பதக்கத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். அடுத்த கோடைக்கு எத்தனை மணிக்குக் கொடியசைப்பு, எத்தனை பார் ஐஸ் என்பதையும் போடட்டும். அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டலாம்.