இரண்டாவது கிடார்

1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. அதில் 'இளைய நிலா' பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் மீட்டிய கிடார், எத்தனையோ பேருக்கு அந்தக் கருவிமேல் ஆசையை மூட்டியது. அந்த ஆசையில் வாங்கிய முதல் கிடாரில் விரல் பழகிய பிறகு, இரண்டாவதைத் தேடுகிறவர் விலைச்சீட்டுக்கு முன்னால் கழுத்தைப் பார்ப்பது நல்லது.

கண்ணருகே பிடித்து நோக்கினால் கழுத்தின் வளைவு தெரிந்துவிடும். பன்னிரண்டாம் கட்டையில் தடித்த கம்பிக்கும் கட்டைக்கும் சுமார் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் விரல் நோகாது. அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அழுத்தி மீட்டும் ஒலியும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். இந்தச் சோதனைக்குச் செல்பேசிச் செயலியே போதும்.

கோவையில் மரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மார்ச்சில் காற்று வறளும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று புகும். ஒற்றைப் பலகை முகப்பு இனிமையாக ஒலிக்கும், ஆனால் இந்த மாற்றத்தில் சுருங்கி விரியும். ஒட்டுப்பலகை தாங்கும், விலையும் குறைவு. சென்னை அருகே யமஹா 2019-இல் தொடங்கிய ஆலையில் இவ்வகைக் கிடார்கள் உருவாகின்றன.

முதலாவது எஃகுக் கம்பி என்றால் இரண்டாவதை நைலானில் எடுக்கலாம். வீட்டில் இரண்டு குரல்கள் இருக்கும். கடையில் உள்ள கிடாரின் எஃகுக் கம்பி துருவேறியிருந்தால் கூச்சப்படாமல் கேட்கலாம்: "புதுக் கம்பி மாட்டிக் குடுங்க, வாசிச்சுப் பாத்துட்டு எடுத்துக்கறனுங்க."