திரித்துவம் கடவுளின் ஒருமையைக் காக்கிறதா?

கடவுள் ஒருவரே என்று கிறித்தவம் அறிக்கையிடுகிறது. அதன் வழிபாடோ தந்தை, மகன், தூய ஆவி என மூவரை அழைக்கிறது. இதை வெறும் முரண்பாடு என்று தள்ளிவிடுவோர் வரலாற்றைக் கவனிப்பதில்லை. முதல் கிறித்தவர்கள் யூதர்கள். ஆண்டவர் ஒருவரே என்ற இஸ்ரவேலின் அறிக்கையை இயேசுவே தலையாய கட்டளையாகச் சொன்னதை மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் பதிவுசெய்கிறது. அந்த வழிவந்த சபையாரே விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்று, கி.பி. 112 வாக்கில், பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதினார். கடவுள் ஒருவர் என்பதைக் கைவிட அவர்களுக்கு மனமில்லை. இயேசுவை வணங்குவதை நிறுத்தவும் மனமில்லை. இரண்டையும் ஒருசேரக் காக்கும் முயற்சியே திரித்துவம். அம்முயற்சி அடிப்படையில் வென்றது, விளக்கத்திலும் நடைமுறையிலும் சறுக்கியது என்பதே என் மதிப்பீடு.

வெற்றியை ஆரியுஸோடு நடந்த விவாதத்தில் காணலாம். மகன் படைக்கப்பட்டவர், தந்தையே மெய்க்கடவுள் என்றார் அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸ். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவே தூய ஒருகடவுட் கொள்கை. ஆனால் அவர் தரப்பினரும் மகனை வணங்கினார்கள். படைக்கப்பட்ட ஒருவரை வணங்கினால் அது பிற தெய்வ வழிபாடு ஆகாதா என்று, பின்னர் அந்நகரின் ஆயரான அத்தனாசியுஸ் மடக்கினார். 325இல் நிசேயா சங்கம், மகன் தந்தையோடு ஒரே சாரமுடையவர் என்றது. 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் தூய ஆவியும் அவர்களோடு வணங்கப்படுபவர் என்றது. கடவுளுக்குக் கீழே இன்னொரு சிறு தெய்வம் நுழைய வழியில்லாமல் செய்தவை இம்முடிவுகள்.

விளக்கத்தில் எழுந்த சிக்கல் இது: பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகியோருக்கு மனித இயல்பு ஒன்றுதான். ஆனாலும் அவர்கள் மூன்று மனிதர்கள். அப்படியானால் கடவுளும் மூவர்தானே? நிஸ்ஸா நகர ஆயர் கிரகோரி இந்தக் கேள்வியை மழுப்பாமல் எடுத்துக்கொண்டார். மனிதர் தனித்தனியே செயல்படுகிறார்கள். தந்தை, மகன், ஆவியின் செயலோ ஒன்றே என்பது அவர் விடை. மூன்று சித்தங்களுக்கு இடந்தராத வகையில் இது வலுவான விடை. ஆனால் செயல் ஒன்றானால் மூவரென வேறுபடுத்துவது எதற்கு என்ற கேள்வி எஞ்சுகிறது. யூதரும் இஸ்லாமியரும் எழுப்பும் மறுப்பின் வலிமை இங்கேதான். உள்வேறுபாடு சிறிதுமற்றதே ஒருமை என்றால், கிறித்தவம் அந்த அளவுகோலில் தேறாது. படைத்தவர் ஒருவர், சித்தம் ஒன்று, வணக்கம் அவருக்கு மட்டுமே என்பது அளவுகோலானால் தேறும். இரண்டாவதே பொருத்தமான அளவுகோல்; ஏனெனில் பல தெய்வ வழிபாட்டை விவிலியம் கண்டித்தது, மனிதரின் பற்றுறுதி பிளவுபடுவதால்தான்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. திருவுருவங்களுக்குரிய வணக்கம் வேறு, கடவுளுக்குரிய ஆராதனை வேறு என்று 787இல் இரண்டாம் நிசேயா சங்கம் வகுத்த எல்லை, மக்களின் பக்தியில் பலமுறை அழிந்துபோகிறது. அதைவிடப் பெருங்குறை, விளங்காததை வன்முறையால் நிலைநாட்டியது. திரித்துவத்தை மறுத்த மைக்கேல் செர்வேட்டஸை 1553இல் ஜெனீவாவில் உயிரோடு எரித்தார்கள். திரித்துவத்தை மறுத்தவர் இங்கும் உண்டு: சென்னையில் 1795இல் வில்லியம் ராபர்ட்ஸ் என்னும் தமிழர் திரித்துவத்தை ஏற்காத கிறித்தவச் சபை ஒன்றைத் தொடங்கினார். தந்தையிடம் மட்டுமே வேண்டிய அச்சபையாரின் விசுவாசத்தைப் போலி என்று தள்ள யாருக்கும் உரிமையில்லை.

கிறித்தவம் ஒருகடவுட் சமயமே. ஆனால் அதன் ஒருமை கோட்பாட்டுச் சூத்திரத்தால் மட்டும் நிலைப்பதில்லை. ஒரே கடவுளிடம் முழு மனத்தையும் ஒப்படைக்கும் தனிமனித விசுவாசத்தால் நிலைக்கிறது. ஆகவே சபைகள் திரித்துவ ஞாயிறு அன்று மட்டும் திரித்துவத்தைத் தொட்டுவிட்டு நகராமல், கோட்பாட்டின் கடினத்தையும் சேர்த்தே விசுவாசிகளுக்கு வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும்.