அபாய அறிவிப்பும் பழகிப்போன காதும்

டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை சென்ட்ரலுக்குள் நுழைந்தால் போதும். வாசலில் மெட்டல் டிடெக்டர், நடைமேடையில் மோப்ப நாய், கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ஒலிபெருக்கி. பாபர் மசூதி இடிப்பு நாளான டிசம்பர் 6 கழிந்தால் ஜனவரி 26, அப்புறம் ஆகஸ்ட் 15. டிடெக்டர் எல்லாருக்கும்தான் அலறுகிறது; யாரும் நிற்பதில்லை, யாரையும் நிறுத்துவதுமில்லை. உஷார் நிலை தொடங்கியதாகச் செய்தி வருகிறது. அது முடிந்ததாக நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. இதே சென்ட்ரலில்தான் 2014 மே 1 அன்று குவாஹாட்டி ரயிலில் குண்டு வெடித்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். மே 1 அந்த வழக்கமான தேதிகளில் ஒன்றல்ல.

இலங்கையில் போர்க்காலத்து எச்சரிக்கை வேறு மாதிரி. 1996இல் தெஹிவளை ரயிலிலும் 2008இல் பிலியந்தலை பஸ்ஸிலும் குண்டு வெடித்ததைக் கண்ட சனம், ஆசனத்துக்குக் கீழே பொதி ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தது. அங்கே அறிவிப்பை யாரும் அசட்டை செய்யவில்லை. ஆனால் அதன் பாரம் எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழவில்லை. சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கும்போது, அடையாள அட்டையில் தமிழ் எழுத்து இருந்தவருக்குக் கேள்விகள் நீண்டன. தன்னைக் காப்பதற்கான அறிவிப்பு என்று அவர் அதை எப்படி நம்புவார்? அவர் காதில் அது 'உன்னைத்தான் சந்தேகிக்கிறோம்' என்றே விழுந்தது. இந்தியாவில் திரும்பத் திரும்பச் சொல்லியே எச்சரிக்கையின் மதிப்பைக் குறைத்தார்கள். இலங்கையில் ஓரவஞ்சனையால் குறைத்தார்கள். இரண்டாவதுதான் கொடியது என்பேன்.

இலங்கையில் 2019இல் மரத்துப்போயிருந்தது மக்களின் காது அல்ல, அதிகாரிகளின் காது. தாக்குதல் நடக்கலாம் என்று ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத் துறை தகவல் கொடுத்தது. ஏப்ரல் 11 தேதியிட்ட பொலிஸ் கடிதத்தில் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிமின் பெயரே இருந்தது. கடிதம் அலுவலகங்களுக்குள்ளேயே சுற்றியது. உயிர்த்த ஞாயிறான ஏப்ரல் 21 அன்று குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரு அரசுகளிடமும் கேட்பது ஒன்றுதான்: எந்த இடம், எத்தனை நாள் என்று சொல்லுங்கள், ஆபத்து நீங்கியதும் அதையும் சொல்லுங்கள். ஏப்ரல் 11 கடிதத்தில் கத்தோலிக்க ஆலயங்கள் இலக்காகலாம் என்று எழுதியிருந்தது. பத்து நாள் கழித்து, குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் பூசைக்குப் போன மக்களுக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை.